பலாலியை எந்த ஆண்டிலே காண்பது?

ஒரு விமானத் தளத்தை வீட்டு மேசையின்மீது இறக்கி வைக்கலாம் என்று சொல்லியிருந்தால் நம் பாட்டன்மார் நகைத்திருப்பர். இன்றோ அது பள்ளிச் சிறுவரும் செய்யும் காரியமாகிவிட்டது. கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் நிரலுக்குப் 'பிளைற் சிமுலேற்றர்' என்று பெயர். அந்நிரலிலே உலகம் முழுவதும் ஒருவாறு அடங்கியிருக்கின்றது. எனினும் ஓரூரின் விமானத் தளத்தை உள்ளது உள்ளவாறு காண விரும்புவோர், அத்தளத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட காட்சிப் பொதியைப் பெற்று நிரலோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதை, கட்டடம், மரம், வீதி யாவும் அப்பொதியினுள் இருக்கும்.

சேர்க்கும் முறை கடினமானதன்று. ஆனால் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. போர்க்கால வரலாறுடைய தளமொன்றை நிறுவப் புகுவோர், "இஃது எந்த ஆண்டின் தளம்?" என்று கேட்டே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு அது வெறும் விளையாட்டு வினாவன்று.

தீவகத்துச் சரவணையில் நின்று வடகிழக்கே நோக்கினால், நேர்கோட்டில் இருபது மைலுக்கும் குறைந்த தொலைவில் இருப்பது பலாலி. நம்மவர் அதனைப் பலாலி என்பர்; ஆங்கிலேயரோ போர்க்காலத்தில் காங்கேசன்துறை என்றே குறித்தனர். ஆகவே பழைய பதிவேடுகளைத் தேடுவோர் இரு பெயராலும் தேடுதல் வேண்டும். சர்வதேச விமானத் துறையினர் அதற்கு வழங்கிய நாலெழுத்துக் குறியீடு 'வீ-சீ-சீ-ஜே' என்பதாகும்.

கோடுகளில் தொடங்கிய உலகம்

தரையை விட்டெழாமலே பறக்கக் கற்பிக்கும் எண்ணம் புதியதன்று. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929ஆம் ஆண்டில் அதற்கென ஒரு பெட்டியைச் செய்தார். அவருடைய தந்தையார் ஓர்கன் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். வாத்தியத்துக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே மகன் தம் பெட்டியைச் சாயவும் திரும்பவும் செய்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் பெருந்தொகையினர் அந்த நீல நிறப் பெட்டியில் அமர்ந்து பயின்ற பின்னரே ஆகாயம் ஏறினர்.

1979ஆம் ஆண்டில் புரூஸ் ஆட்விக் என்பவர் வீட்டுக் கணினிக்குரிய பறப்பு நிரலை வெளியிட்டார். 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனைத் தன் பெயரால் வெளியிட்டது. அக்காலத்தில் விமானத் தளமென்பது சில கோடுகள் மாத்திரமே. இன்றைய நிரல்களோ செய்மதிப் படங்களையும் ராடர் அளவைகளையும் ஆதாரமாகக் கொண்டவை. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 'எண்டவர்' என்னும் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி, ராடரால் நிலத்தின் உயரத்தை அளந்து வந்தது. நம் கணினியில் தோன்றும் மேடுபள்ளங்கள் பல அந்த அளவையின் பயனே.

இந்நிரல்களுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. உலகத்தில் இல்லாதொழிந்த தளங்களை அவை உயிருடன் வைத்திருக்கின்றன. ஹொங்கொங்கின் கைதாக் விமான நிலையம் 1998ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூடப்பட்டது. பயணிகள் விமானங்களோடு பிரித்தானிய விமானப் படையும் நெடுங்காலம் தங்கியிருந்த இடம் அது. சிக்காகோ நகரின் மெய்க்ஸ் தளத்து ஓடுபாதையோ 2003ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஓரிரவில் மண்வாரிப் பொறிகளால் கிழிக்கப்பட்டது. அத்தளம் பல ஆண்டுகளாக மைக்ரோசொப்ட் சிமுலேற்றரில் முதன்முதல் வந்து நிற்கும் தளமாக இருந்தது. இவ்விரு தளங்களிலும் இறங்க விரும்புவோர் இன்றும் காட்சிப் பொதிகளின் உதவியால் இறங்குகின்றனர்.

ஒரே தளம், பல ஆண்டுகள்

இனிப் பலாலிக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி திருகோணமலையைத் தாக்கின. இலங்கையின் ஆகாயப் பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அத்தாக்குதல்கள் பிரித்தானியருக்கு உணர்த்தின. அப்போர்க் காலத்தில் அமைந்த தளங்களுள் பலாலியும் ஒன்று. 1945ஆம் ஆண்டில் பிரித்தானிய விமானப் படையின் 203ஆம் பிரிவு அங்கிருந்து 'லிபரேற்றர்' விமானங்களைச் செலுத்திற்று. நான்கு இயந்திரங்களும் 110 அடி அகன்ற சிறகுகளும் உடைய அப்பெரு விமானங்கள் கடற்காவல் செய்வதற்காக வலிகாமத்தின் செம்மண் வெளியிலிருந்து எழுந்தன.

போர் முடிந்தபின் அதே ஓடுபாதை குடிமக்களுக்கு உரியதாயிற்று. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் நிகழ்ந்தது. இரத்மலானையிற் புறப்பட்ட டக்கோட்டா விமானம் காங்கேசன்துறை என்று குறிக்கப்பட்ட இத்தளத்தில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. இலங்கை சுதந்திரம் அடையுமுன்பே யாழ்ப்பாணம் சென்னையோடு ஆகாய மார்க்கமாக இணைந்துவிட்டது.

பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. தளம் படையினரின் பெருந்தளமாயிற்று. 1990ஆம் ஆண்டில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை முதலிய ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1998ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு தளம் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன அச்சேவை 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் ஆரம்பமாயிற்று.

1945, 1947, 1990, 2019 என்ற இவ்வாண்டுகள் ஒவ்வொன்றிலும் பலாலியின் தோற்றம் வேறு. லிபரேற்றர் நிற்கும் தளத்தில் இன்றைய பிரயாணிகள் மண்டபம் இருத்தல் ஆகாது. டக்கோட்டா வந்திறங்கும் காலத்துப் பலாலியைச் சூழ வெற்றுநிலம் இருத்தலும் ஆகாது. அங்கே அன்று ஊர்கள் இருந்தன.

காற்றறிந்து ஓடுபாதை

பலாலியின் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் இலக்கம் உண்டு. ஓடும் திசையின் பாகையைப் பத்தால் வகுத்து இடும் இலக்கம் இது. 05 என்றால் வடகிழக்கு நோக்கி ஐம்பது பாகை. 23 என்றால் தென்மேற்கு நோக்கி இருநூற்று முப்பது பாகை. விமானம் காற்றை எதிர்த்தே எழும்; எதிர்த்தே இறங்கும். தைப்பொங்கற் காலத்திற் பட்டம் ஏற்றுகின்ற பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும்போது 05 பக்கமாகவும், சோழகம் வீசும்போது 23 பக்கமாகவும் புறப்படுதல் பொருந்தும். சிமுலேற்றரில் மாதத்தையும் காற்றையும் நாமே குறிக்கலாம் ஆதலால், இந்த உண்மையைச் சோதித்துப் பார்க்க மாணவருக்கு இதைவிட நல்ல சாதனமில்லை.

நிறுவும் முறை

காட்சிப் பொதி பெரும்பாலும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் கிடைக்கும். அதனை நேரே நிரலினுள் விரிக்கலாகாது. முதலில் வேறோரிடத்தில் விரித்து, உள்ளேயிருக்கும் குறிப்பை முழுவதும் வாசிக்க வேண்டும். எந்த நிரலுக்கு, எந்தப் பதிப்புக்கு உரியது, வேறு எந்தப் பொருட்டொகுதிகள் தேவை என்பன அக்குறிப்பிலேயே இருக்கும். அவசரக்காரர் அடையும் துன்பத்திற் பாதி இக்குறிப்பை வாசியாமையால் வருவது.

'எக்ஸ்-பிளேன்' நிரல் வைத்திருப்போர், விரித்த கோப்புறையைக் 'கஸ்ரம் சீனரி' என்னும் கோப்புறையினுள் வைக்க வேண்டும். அங்கே பொதிகளின் வரிசையைக் குறிக்கும் சிறிய எழுத்துக் கோப்பொன்று உண்டு. அவ்வரிசையில் விமானத் தளங்கள் மேலேயும், நிலத்தின் உயரத்தைத் தரும் பொதிகள் அடியிலேயும் நிற்றல் வேண்டும். நிலம் மேலே ஏறிவிட்டாற் கீழுள்ள பொதிகளின் காட்சிகள் மறைந்துபோகும்.

மைக்ரோசொப்டின் 2020, 2024ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கு முறை இன்னும் எளிது. 'கொம்யூனிற்றி' என்னும் கோப்புறையினுள் பொதியை வைத்து நிரலை மறுபடி தொடங்கினாற் போதும். அந்நிறுவனத்தின் சொந்தக் கோப்புகள் உள்ள கோப்புறையைத் தொடுதல் வேண்டாம். பழைய பதிப்புகளை இன்னும் வைத்திருப்போர், நிரலின் காட்சி நூலகப் பட்டியலிற் சென்று, புதிய பொதியின் கோப்புறையைச் சேர்த்து, அதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். பணம் செலவிட இயலாத மாணவர் 'பிளைற்கியர்' என்னும் இலவச நிரலை எடுத்துக்கொள்ளலாம். உலகெங்குமுள்ள ஆர்வலர் கூடிச் செய்த அந்நிரலிலும் மேலதிகக் காட்சிகளைச் சேர்க்க இடமுண்டு.

எம்முறையாயினும் ஒரு நேரத்தில் ஒரு பொதியையே சேர்க்குக. பின்னர் நிரலைத் திறந்து, மேகமற்ற பகற்பொழுதில், விமானத்தை ஓடுபாதையில் நிறுத்திச் சுற்றிப் பார்க்குக. பத்துப் பொதிகளை ஒன்றாக இட்டுவிட்டு எதிற் பிழை என்று தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதாகும்.

நேரக்கூடிய பிழைகள்

பொதியை இட்டபின்பும் காட்சி மாறவில்லையாயின், கோப்புறைக்குள் கோப்புறையாக அது புதைந்திருக்கிறதா என்று பார்க்க. சுருக்கிய கோப்பை விரிக்கும்போது ஒரே பெயரில் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உறைகள் தோன்றுவது வழக்கம். உள்ளுறையை வெளியே எடுத்து உரிய இடத்தில் வைத்தாற் குறை தீரும்.

இரண்டு ஓடுபாதைகள் ஒன்றன்மேலொன்று தோன்றுமாயின், ஒரே தளத்துக்கு இரு பொதிகள் உள்ளன என்பது பொருள். ஒன்றை அகற்றுக. வரலாற்றுத் தளங்களில் இதற்கு நெருங்கிய வேறொரு குறையும் வரும். 1945ஆம் ஆண்டின் தளத்தின் ஊடே 2019ஆம் ஆண்டின் கட்டடம் தலைகாட்டும். நிரல் தானாகவே வைக்கும் இன்றைய பொருள்களை விலக்குமாறு பொதியைச் செய்தவர் கட்டளையிட மறந்ததே அதன் காரணம்.

தளம் மேசைபோல் உயர்ந்தோ குழிபோல் தாழ்ந்தோ நிற்குமாயின், பொதி கருதிய உயரமும் நிலப்பொதியின் உயரமும் ஒவ்வாமையே காரணம். நம் குடாநாட்டிலும் தீவுகளிலும் இக்குறை உடனே புலப்படும். மலைநாட்டில் சில மீற்றர் வேற்றுமையை யாரும் காணார். கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த நிலத்திலோ அது ஒரு குன்றாகத் தோன்றும். ராடர் அளவை வெறுந்தரையை மாத்திரம் அளப்பதன்று. அடர்ந்த மரங்களின் தலையையும் ஓரளவு சேர்த்தே அளக்கும். ஆதலால் பனங்கூடல் நின்ற இடம் மேடாகத் தோன்றினால் வியப்படைய வேண்டாம்.

சரவணைக்கு ஒரு பறப்பு

பொதி சரியாக அமைந்ததா என்று அறியத் தீவகத்தாருக்கு இயற்கையான சோதனை ஒன்றுண்டு. டக்கோட்டா விமானத்தை எடுத்து, 23ஆம் முனைவழியே தென்மேற்காகப் புறப்பட்டு, திசை திருப்பாமற் செல்க. வலிகாமத்துத் தோட்டங்களையும் கடனீரேரியையும் கடந்து, ஆறேழு நிமிடங்களில் விமானம் வேலணைத் தீவின் பக்கம் வந்து சேரும். சரவணை அங்கேதான் இருக்கிறது.

இப்போது கீழே பார்க்க. யாழ்ப்பாண நகரையும் வேலணையையும் இணைக்கும் பண்ணைத் தாம்போதி இருக்கிறதா? காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கமாகச் செல்லும் தாம்போதியும், புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதியும் நீரின்மேல் நிற்கின்றனவா, நீரினுள் மூழ்கிவிட்டனவா? ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டை காணப்படுகிறதா? நெடுந்தீவு தன் வடிவத்தோடு இருக்கிறதா? அயல்நாட்டு நிரற்காரருக்கு இவை சிறு புள்ளிகள். இத்தாம்போதிகளில் நாள்தோறும் சென்றுவருபவர் பிழையை ஒரு நொடியிற் கண்டுவிடுவர்.

மரங்களையும் கவனிக்க. நிரல்கள் தாமாக நடும் மரங்கள் பெரும்பாலும் பொதுவான மரங்களே. பனையில்லாத சரவணையை நம்மவர் எவரும் சரவணை என்று ஒப்பார்.

வேலிக்கு வெளியே

விமானத் தளப் பொதி செய்வோரின் கவனமெல்லாம் வேலிக்கு உள்ளேயே நிற்பது வழக்கம். ஓடுபாதையின் விளக்குக்குத் துல்லியம். விமானக் கொட்டகையின் தகரத்துக்குத் துல்லியம். வேலிக்கு வெளியே செய்மதிப் படம் எதைக் காட்டுகிறதோ அதுவே போதும் என்று விடுவர். வேறு நாட்டுத் தளங்களில் அதனால் பெருங்குறை நேராமலிருக்கலாம். பலாலியில் அது பெரும் பிழையாகும்.

செய்மதிப் படம் அண்மைக் காலத்தது. அது காட்டும் நிலம் 1990ஆம் ஆண்டின் பின் நெடுங்காலம் ஆளில்லாது கிடந்த நிலம். நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. திரும்பிச் சென்றவர் பலர் தம் வீட்டின் அத்திவாரத்தைத் தேடியே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின்மேல் 1947ஆம் ஆண்டின் டக்கோட்டாவை இறக்கினால், அங்கே ஊரே இருந்ததில்லை என்று அடுத்த தலைமுறை எண்ணும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வளரும் பேரப்பிள்ளை தன் பாட்டியின் ஊரை முதன்முதற் காண்பது இந்தக் கணினித் திரையிலாக இருக்கலாம். அப்பிள்ளைக்கு வெறும் புதர்க்காட்டை அவளுடைய ஊரென்று காட்டுவது அறமாகுமா?

ஆண்டைக் குறித்துவிட்டால், அந்த ஆண்டுக்குரியவை தாமே வரிசையாக வந்து நிற்கும். 1960ஆம் ஆண்டுகளின் பலாலியைச் செய்பவர், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியை நிறுத்த வேண்டும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி வந்து சேரும் நிலையத்தையும், தண்டவாளத்தையும் இட வேண்டும். கீரிமலைக் கோயிலும், மயிலிட்டித் துறையில் வள்ளங்களும், பலாலி ஆசிரியர் கலாசாலையும் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டைச் செய்பவரோ தண்டவாளத்தை எடுத்துவிட வேண்டும். 1990இல் நின்ற புகையிரதம் காங்கேசன்துறைக்கு மீண்டது 2015ஆம் ஆண்டு ஜனவரியிலேதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் அவசியம். பலாலியில் இன்றும் விமானப் படைத் தளம் உண்டு. ஆகவே இன்றைய படை அமைப்புகளைப் படம் பிடிப்பதும் அளந்து வெளியிடுவதும் மாணவர் செய்யத்தக்க காரியமன்று. கடந்த காலத்தை, யாவருக்கும் திறந்துள்ள ஆதாரங்களைக் கொண்டு அமைப்பதே முறை. அவ்வாறே 1998ஆம் ஆண்டின் விமானத் துயரத்தை விளையாட்டாக்குவதும் தகாது. அதில் உறவினரை இழந்த குடும்பங்கள் நம்மிடையே வாழ்கின்றன.

முதியோரே மூலநூல்

எக்ஸ்-பிளேன் நிரலைச் செய்தவர்கள் விமானத் தளங்களை வரைவதற்கு இலவசக் கருவியொன்றையும் தருகின்றனர். 'வேர்ல்ட் எடிற்றர்' என்பது அதன் பெயர். அதனைக் கற்க மாணவருக்குச் சில வாரம் போதும். ஆதாரந் தேடுவதே பெரும்பணி. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்கள் வீதியையும் குளத்தையும் கோயிலையும் காட்டும். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆயினும் கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் வீடுகளில் இன்னும் தப்பிக் கிடக்கின்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் அத்தகைய பல வெளியீடுகளை எவரும் பொருளின்றி வாசிக்கலாம்.

இவற்றிலெல்லாம் அகப்படாதது முதியோர் மனத்தில் இருக்கின்றது. விமானம் தாழ்ந்து வரும்போது எந்த ஒழுங்கையில் நின்று பார்த்தீர்கள்? நன்னீர்க் கிணறு எங்கே இருந்தது? தோட்டத்துக்கும் தளத்து வேலிக்கும் இடையே எத்தனை பாகம்? பள்ளிக்குக் குறுக்குவழி எது? இவ்வாறு கேட்டு, சொன்னவர் எந்த ஆண்டைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்க. இருவர் சொல்வது முரண்படுமாயின் இரண்டையும் எழுதுக. மூன்றாமவர் ஒருவர் தீர்த்துவைப்பார். 1947இல் பத்து வயதுப் பிள்ளையாய் அந்த டக்கோட்டாவைக் கண்டவருக்கு இன்று வயது எண்பத்தெட்டுக்கு மேல். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிவைக்கத்தக்க வேலையன்று இது.

தீவகத்திலும் 1990ஆம் ஆண்டின் பின் ஊர்கள் வெறிச்சோடிய வரலாறு உண்டு. பலாலியைச் செய்து பழகிய கை பிறகு சரவணையையும் செய்யும்; வேலணையையும் புங்குடுதீவையும் செய்யும். பிறர் செய்த பொதியை எடுத்தாள நேர்ந்தால் அவருடைய அனுமதியைப் பெறுக. அவர் பெயரையும் குறிக்குக. வேலை முடிந்ததும் பொதியின் பெயரிலேயே ஆண்டையும் எழுதிவிடுக: 'பலாலி, 1947' என்று. நிறுவுகின்ற பிள்ளை முதலில் அதனையே வாசிக்கும்.